மாமியின் சஹன்

பாதிக் கதையோடு ஓடுவதில் சிறுவயதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. மீதியைக் கேட்கப் பொறுமை இருந்தால்தானே.

நுரைச்சோலையில் மின்நிலையம் வந்த புதிது. எனக்கு ஒன்பது வயது. வாப்பாவின் தங்கை, எங்கள் மாமி, பல மாதம் வயிற்றுப்போக்கில் கிடந்து, ஆஸ்பத்திரிக்கு அலைந்து, ஒருவழியாகச் சுகமாகி எங்கள் வீட்டில் தங்கியிருந்தாள். என் அண்ணன், கம்பஸில் உயிரியல் படித்த நானா, லீவில் வந்து, அவளுக்கு ஏதோ பெரிய விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். "மாமிட வயித்துக்குள்ள கோடிக்கணக்கா வைரஸ் இருக்கு" என்றது மட்டும் என் காதில் விழுந்தது. வைரஸ் என்றால் எனக்குத் தெரிந்தது டெங்கு ஒன்றுதான். அடுத்த வீட்டுப் பிள்ளையை அது கொண்டுபோயிருந்தது. நான் அங்கே நிற்கவில்லை. அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குள் நாலு வீட்டுக்குச் சொல்லி முடித்துவிட்டேன், பெரிய மனுஷி போல.

அந்த வாரம் பெரியவாப்பா மகளின் கல்யாணம். எங்கள் கல்யாணங்களில் சஹன் சாப்பாடுதான். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே சோற்றில் கை வைப்போம். மாதக்கணக்கில் கஞ்சியோடு கிடந்த மாமி அந்தச் சாப்பாட்டுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். பெண்கள் பக்கம் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் வந்தவர்கள் பிள்ளை அழுகிறது, கால் நோகிறது என்று ஆளுக்கொரு சாட்டுச் சொல்லி வேறு சஹனுக்கு நழுவினார்கள். ஆறு பேருக்கான சோற்றின் முன்னால் மாமி தனியே இருந்தாள்.

"வா புள்ள, என்னோட இரி" என்று என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்குப் பசிக்கல்ல மாமி" என்றேன்.

ஒரு பிடி அள்ளி வாயில் வைத்தாள். பிறகு எழுந்து கை கழுவப் போய்விட்டாள். மௌத்தாகும்வரை வேறெந்தக் கல்யாணத்திலும் அவள் சஹனில் உட்காரவில்லை. கேட்டால் வயிறு சரியில்லை என்பாள்.

மீதியை நானா எனக்குச் சொன்னது அவள் கண்ணை மூடிய பிறகு. அந்த வைரஸ்கள் மனிதரைத் தொடுவதில்லையாம். குடலில் உள்ள பக்டீரியாக்களைத்தான் பிடிக்குமாம், அவை அளவு மீறாமல் இருக்க உதவுமாம். எல்லார் வயிற்றிலும் உண்டு. நழுவிப் போனவர்களின் வயிற்றிலும் இருந்தன, என் வயிற்றிலும் இருந்தன. இதை மாமி அன்றைக்கே முழுதாகக் கேட்டு விளங்கியிருந்தாள். கதையைப் பரப்பியது நான் என்பதும் கல்யாணத்துக்கு முன்பே அவளுக்குத் தெரியும். பின்னர் சங்கதி அறிந்து என்னை ஏச வந்த நானாவைத் தடுத்ததும் அவள்தானாம்.

தெரிந்துகொண்டுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். இவள் பாதி கேட்டுப் பரப்பிய கதை இது என்று அந்தப் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பியிருப்பாள், நான் அகப்பட்டிருப்பேன். இதெல்லாம் அப்போது எனக்கு எங்கே விளங்கியது? பசிக்கவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டு, பக்கத்துச் சஹனில் போய் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன்.