அம்புக்குறிமேல் வைத்த சந்தனம்

போன் வந்தபோது மணி ஒன்றேகால். நான் என் சாப்பாட்டைத் திறந்து முதல் வாய் வைத்திருந்தேன். அதே நேரத்தில் அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் முந்நூறு பேர், நாங்கள் செய்த டிபன் பாக்ஸைத் திறக்க முடியாமல் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

பெங்களூர் பீன்யாவில் ஸ்டீல் டிபன் பாக்ஸ் செய்யும் கம்பெனி எங்களுடையது. நான் அங்கே குவாலிட்டி இன்சார்ஜ். என் பெயர் பிலோமினா. ஷாப் ஃப்ளோரில் எனக்கு வைத்திருந்த பெயர் "ரிஜெக்ட் மேடம்". முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் காதில் விழுகிற மாதிரி சொல்வார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தப்புப் பீஸ்கூட என்னைத் தாண்டி வெளியே போனதில்லை என்று எனக்குத் திமிர் இருந்தது. இப்போது புதிதாகக் குவாலிட்டி வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதுவதால் அதை மறைக்க விரும்பவில்லை.

மார்க்கெட்டிங் நவீன் போனை ஸ்பீக்கரில் போட்டான். பேசியது அந்தக் கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர் காயத்ரி, சென்னைக்காரர்.

"நவீன், உங்க பாக்ஸ் மாடல் பேரு என்ன?"

"ஈஸி ஓப்பன், மேடம்."

"மூடிமேலயும் அப்படித்தான் போட்டிருக்கு. இங்க ஒருத்தராலயும் ஓப்பன் பண்ண முடியல. தீபாவளி கிஃப்ட்டா குடுத்தோம், லீவு முடிஞ்சு இன்னைக்குத்தான் எல்லாரும் ஆசையா சாப்பாடு கட்டிட்டு வந்திருக்காங்க. எங்க டைரக்டர் ஸ்பூனை விட்டு நெம்பினாரு. இப்ப அவர் சட்டை பூரா ரசம். அதை வீடியோ எடுத்து குரூப்ல வேற போட்டுட்டாங்க. உடனே யாராவது வாங்க."

முதலாளி பசவராஜ் சார் கேபினிலிருந்தே கேட்டுவிட்டார். கன்னடக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். வேனை எடுக்கச் சொன்னார். என்னையும், ரிம் ரோலிங் மெஷின் ஓட்டும் முனிரத்தினத்தையும் ஏறச் சொன்னார். பெட்டியின் வாய் விளிம்பை உருட்டி அளவுக்குக் கொண்டுவருவது அந்த மெஷின்தான். முனிரத்தினம் ஒக்கலிபுரத்துக்காரர். ஆறு வருடமாக கான்ட்ராக்டில் இருந்தார். அவரை பர்மனென்ட் ஆக்கும் லெட்டர் டைப் ஆகி, கையெழுத்துக்காக சாரின் மேஜையில் கிடந்தது.

ஹெப்பாள் டிராஃபிக்கைத் தாண்டிப் போய்ச் சேர இரண்டே முக்கால் ஆகிவிட்டது. கேஃபடீரியாவில் ஒரு நீள மேஜை நிறைய எங்கள் பெட்டிகள், ஒவ்வொன்றின்மேலும் பெயர் எழுதிய சீட்டு. பாதிப் பேர் கேன்டீனில் எதையோ வாங்கித் தின்றுவிட்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். மீதிப் பேர் சாப்பிடாமலே எங்களைப் பார்த்தார்கள். எல்லோர் கையிலும் போன்.

பசவராஜ் சார் ஒரு பெட்டியை எடுத்துத் திருகினார். முகம் சிவந்ததுதான் மிச்சம். நான் எடுத்தேன். நகம் பெயர்ந்தது. யாரோ, "ஈஸி ஈஸி" என்று குரல் கொடுக்க, கூட்டம் சிரித்தது. எனக்குக் காது மடல் எரிந்தது. ரிஜெக்ட் மேடத்தை முந்நூறு பேர் ரிஜெக்ட் செய்துகொண்டிருந்தார்கள்.

முனிரத்தினம் இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டு பான்ட்ரிக்குப் போனார். அங்கே வெந்நீர்க் குழாயைத் திறந்து பெட்டியை அதன் அடியில் பிடித்தார். எண்ணிப் பத்து விநாடிகூட இருக்காது, 'பக்' என்று மூடி கழன்றது. கைதட்டல் கேட்டது. அதன் பிறகு ஒவ்வொன்றாக எல்லாப் பெட்டியையும் அவர் திறந்தார். நான் பெயரைப் படித்துக் கூப்பிட்டு ஆறிப்போன சாப்பாட்டைக் கொடுத்தேன்.

காயத்ரி மேடம் பசவராஜ் சாரைத் தனியாக அழைத்தார். எனக்கும் கேட்டது.

"கிளாப் பண்ணாங்கன்னு சந்தோஷப்படாதீங்க சார். நியூ இயருக்கு எங்க மத்த ஆபீஸுக்கும் உங்ககிட்டதான் வாங்கறதா இருந்தோம். என்ன தப்பு, எப்படி நடந்துச்சுன்னு எழுத்துல வேணும். புதன்கிழமைக்குள்ள குடுங்க. இல்லேன்னா அத்தனையும் ரிட்டர்ன்தான்."

திரும்பி வரும்போது வேன் யஷ்வந்த்பூர் தாண்டியதும் பசவராஜ் சார் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே கேட்டார். "இந்த லாட்ல ரிம் ஓட்டினது யாரு?"

"நான்தான் சார்" என்றார் முனிரத்தினம்.

அதற்குமேல் சார் ஒன்றும் கேட்கவில்லை.

ஜீரோ

ஃபேக்டரிக்கு வந்ததும் அதே லாட்டில் மிச்சமிருந்த பத்துப் பெட்டிகளை, மூடி தனியாக, பாடி தனியாக எடுத்துவரச் சொன்னேன். மூடியை அளந்தேன், சரியாக இருந்தது. பாடியை டயல் கேஜில் வைத்தேன். முள் ஜீரோவில் நின்றது. பத்திலும் ஜீரோ. அப்படியென்றால் தப்பே இல்லை.

மனசு கேட்காமல், விட்டத்தை நேரடியாக அளக்கும் வெர்னியரை எடுத்தேன். பத்தும் பெரிசு. அரை மில்லிமீட்டர்கூட இல்லைதான். ஆனால் சூடான சாதத்தைப் போட்டு அழுத்தி மூடினால், உள்ளே ஆறும்போது மூடி கவ்விக்கொள்ள அது போதும். நாங்கள் ஃபேக்டரியில் காலிப் பெட்டியைத்தான் மூடித் திறந்து பார்ப்போம். காலிப் பெட்டி கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுத் திறந்துகொள்ளும். டிபன் பாக்ஸ் கம்பெனியில் இத்தனை வருடமாக ஒருவருக்கும் அதில் சோறு போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

டயல் கேஜுக்குத் தானாக அளவு தெரியாது. மாஸ்டர் என்று ஒரு வட்டமான ஸ்டீல் துண்டு உண்டு, சரியான விட்டத்துக்குச் செய்தது. அதை வைத்துத்தான் முள்ளை ஜீரோவுக்குக் கொண்டுவருவோம். பிறகு பெட்டியை வைத்தால், முள் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு பிழை. மாஸ்டரின் மேல் விளிம்பை ஒட்டி ஓர் அம்புக்குறி வெட்டியிருக்கும். அம்பு எப்போதும் டயலின் முனைக்கு நேராக வர வேண்டும். அது என் சட்டம். மாற்றி வைத்தவர்களை நான் சும்மா விட்டதில்லை.

மாஸ்டரை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். அம்புக்குறிக்கு நேரே விளிம்பில் மஞ்சளாக ஒரு படலம். மோந்து பார்த்தேன். சந்தனம்.

அது என் கை வைத்த சந்தனம்.

நான் லிங்கராஜபுரத்துக்காரி. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். ஆனாலும் ஆயுத பூஜையன்று என் கேஜ்களுக்கு நான்தான் பொட்டு வைப்பேன். பக்தி என்று சொல்ல மாட்டேன். இன்னொருவர் கை என் கேஜ்மேல் படக் கூடாது, அவ்வளவுதான். மாஸ்டருக்கு வழக்கமாக அதன் மரப்பெட்டிமேல்தான் பொட்டு. இந்த முறை பெட்டியின் கீல் உடைந்து கார்பெண்டரிடம் போயிருந்தது. மாஸ்டரையே சுவரோரம் சாய்த்து நிறுத்தினேன். இதற்கு நெற்றி எது என்று பார்த்தேன். அம்புக்குறி இருந்த இடம் நெற்றி மாதிரி இருந்தது. பட்டையாகச் சந்தனம் பூசி அதன்மேல் குங்குமம் வைத்தேன்.

பூஜை லீவு முடிந்து வந்த காலையில் அவசரமாக ஒரு துடைப்பு துடைத்தேன். குங்குமம் போய்விட்டது. காய்ந்த சந்தனம் ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதை வைத்தே ஜீரோ செட் செய்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். ஒட்டிய சந்தனத்தின் கனத்தில் மாஸ்டர் பெரிசாகிவிட, அப்புறம் வைத்த பாடி எல்லாம் சின்னதாகக் காட்டியது. ரோலரைத் தள்ளி வைக்கச் சொல்லி முனிரத்தினத்திடம் சத்தம் போட்டேன். அவர் தயங்கினார்.

"மேடம், லீவுக்கு முன்னாடி சரியாத்தானே இருந்துச்சு? ரோலரை யாரும் தொடலையே."

"நான் கேஜை நம்பறதா, உங்க வாயை நம்பறதா?" என்று கேட்டேன். பக்கத்து மெஷின்காரர்கள் சிரித்தார்கள். அவர் ரோலரைத் தள்ளி வைத்தார்.

இதெல்லாம் ஜன்னலருகில் நிற்கும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ஸ்பிரிட் நனைத்த துணி மேஜைமேல் கிடந்தது. ஒரே ஒரு அழுத்தம், அதோடு சாட்சி போய்விடும். துணியைக் கையில் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இருபத்திரண்டு வருடப் பெயர் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பூஜைச் சந்தனத்தால்தான் ஆர்டர் கெட்டது என்று ஒரு கிறிஸ்தவப் பெண் போய்ச் சொன்னால் யார் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம். துடைக்கவும் தைரியமில்லை, சொல்லவும் தைரியமில்லை. மாஸ்டரை அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

கேட்டில்

மறுநாள் காலை கேட்டில் முனிரத்தினம் நின்றிருந்தார். யூனிஃபார்ம் போடவில்லை. கையில் ஐ.டி. கார்டு.

"கான்ட்ராக்டர் போன் பண்ணாரு மேடம். கார்டைக் குடுத்துட்டுப் போகச் சொன்னாரு."

கார்டின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே அவர் தொடர்ந்தார்.

"உங்களை ஒண்ணு கேக்கணும்னுதான் நின்னேன். நான் எந்த இடத்துல தப்புப் பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க. ராத்திரி பூரா யோசிச்சேன், புரியல. தெரிஞ்சா அடுத்த கம்பெனில பண்ணாம இருப்பேன் இல்ல?"

அவர் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னை அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உள்ளே ஓடினேன். மாஸ்டரை எடுத்துக்கொண்டு நேராக சார் கேபினுக்குப் போனேன்.

நவீன் கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தான். காரணம் என்ற கட்டத்தில் 'ஆபரேட்டர் தவறு' என்று போட்டிருந்தான். மாஸ்டரை சார் முன்னால் வைத்தேன்.

"தப்பு முனிரத்தினம் பண்ணல சார். நான் பண்ணது."

பசவராஜ் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், இது என்ன என்று கன்னடத்திலேயே கேட்டுவிட்டார். "இது ஏனு, பிலோமினா அவ்ரே?"

"ஆயுத பூஜைச் சந்தனம். நான்தான் வச்சேன். நான்தான் சரியா துடைக்கல. இதை வச்சுத்தான் ஜீரோ செட் பண்ணேன். அவர் சந்தேகப்பட்டுக் கேட்டாரு. நான் அவர் வாயை அடைச்சுட்டேன்."

நவீன் பதறினான். "மேடம், சாமி விஷயம்... ரிப்போர்ட்ல இதையெல்லாம் எப்படி..."

சார் கையைக் காட்டி அவனை நிறுத்தினார். அவர் தலைக்குமேல் சாமி படம், அதிலும் அதே சந்தனம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பூஜை பண்ணதால ஆர்டர் போச்சுன்னு சொல்றீங்களா?"

"இல்ல சார். பூஜையெல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. அதுக்கப்புறம் துடைக்கற வேலையைத்தான் நான் ஒழுங்காச் செய்யல."

அவர் விளிம்பை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். "எங்கம்மா மைசூர்லேருந்து வரவச்சது. இன்னும் வாசனை போகல" என்றார். பிறகு குரல் மாறியது. "முனிரத்னா எங்கே?"

"கேட்ல இருந்தாரு சார்."

"இருந்தாரா? ஓடுங்க!"

கேட்டில் அவர் இல்லை. செக்யூரிட்டி மேஜையில் கார்டு மட்டும் கிடந்தது. ஐம்பத்து நான்கு வயதில், முட்டி வலியோடு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெயின் ரோடு வரை ஓடினேன். பஸ் வந்து நின்றிருந்தது. அவர் படியில் ஒரு கால் வைத்திருந்தார். பெயர் சொல்லிக் கத்தினேன்.

அவர் திரும்பினார். "என்ன மேடம், என் பையைச் செக் பண்ணணுமா?"

"இல்ல. நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தேன். உங்க பேர்ல தப்பே இல்ல. மாஸ்டர்ல சந்தனம் ஒட்டியிருந்துச்சு. நான் துடைக்காம விட்டது. சார்கிட்ட சொல்லிட்டேன்."

கண்டக்டர் கன்னடத்தில் சத்தம் போட்டார். முனிரத்தினம் காலை எடுக்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

"அன்னைக்கே நான் சொன்னேன் இல்ல மேடம்?"

"சொன்னீங்க."

"நீங்க கேக்கல இல்ல?"

"கேக்கல. மன்னிச்சிடுங்க."

பஸ் போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஃபேக்டரிக்கு நடந்து வந்தோம்.

ரிப்போர்ட்டை நானே எழுதினேன். சந்தனத்தைச் சந்தனம் என்றே எழுதினேன். காயத்ரி மேடம் படித்துவிட்டு போனில் சிரித்தார். "எங்க ஆபீஸ்ல ஒருத்தர் லேப்டாப் கேமரா மேலயே பொட்டு வச்சுட்டு, கேமரா அவுட்னு ரெண்டு நாள் ஐ.டி. டீமைத் திட்டிட்டிருந்தாரு" என்றார். மூடியின் ரப்பர் ரிங்கை மெலிசாக மாற்றித் தந்தால் பெட்டிகளை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். நியூ இயர் ஆர்டர் மட்டும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. எனக்கு மெமோ வந்தது, ஒரு வருடம் இன்சார்ஜ் பதவி போனது. வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். முனிரத்தினத்தின் லெட்டரில் சார் அந்த வாரமே கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பெட்டியில் சூடான சாதம் அடைத்து, மத்தியானம் திறந்து பார்ப்போம். ஆபரேட்டர் "சரியா இல்லையே" என்று சொன்னால், வெர்னியரைத் தொடும் முன் மாஸ்டரைத் துடைப்பேன். இத்தனை வருட வேலையில் நான் கற்றது இதுதான்: பெட்டியை அளக்கிறவள் முதலில் தன்னை அளந்து பார்க்க வேண்டும், அதுவும் எதிரில் நிற்கிறவர் சந்தேகப்படும்போது கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் சந்தனத்தைத் தொடாமல் என் டிபார்ட்மென்டிலேயே உட்கார்ந்திருந்தேன். முனிரத்தினம் சந்தனத் தட்டோடு வந்தார்.

"நீங்கதான் வைக்கணும் மேடம்."

"வேணாம்பா. பட்டது போதும்."

"வைங்க மேடம். நான் இருக்கேன்."

மரப்பெட்டிமேல் வைத்தேன். லீவு முடிந்து காலையில் நான் வருவதற்குள் அவர் பெட்டி, மாஸ்டர் எல்லாவற்றையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, செட்டிங் ரிஜிஸ்டரைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். அதில் அவரே கோடு போட்டு இரண்டு கட்டம் புதிதாகச் சேர்த்திருந்தார். ஒன்றில் 'வைத்தவர்', இன்னொன்றில் 'துடைத்தவர்'. துடைத்தவர் கட்டத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார்.