முத்திரையில் அடித்திருந்த விலை

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கயிறு பிடித்துப் பழகிய கை, பேனையையும் கயிறு என்று நினைத்து இழுக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல. யாரை எங்கே இருத்துவது என்று இன்றைக்கும் பிடிபடவில்லை. திருத்தித் தரச்சொல்லி மனைவியிடம் கேட்டேன். பிழை இருந்தால்தான் நான் எழுதியது என்று நம்புவார்கள் என்று சொல்லிவிட்டாள்.

வாவியின் இரண்டு கரைக்கும் நடுவே ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிப்போகிற மிதவையை நாங்கள் பாதை என்போம். அதில் கயிறு இழுக்கிற வேலை செய்தேன். சண்டை நின்று சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த வருசங்கள் அவை. துவக்குகள் எங்கும் போய்விடவில்லை, சற்றுச் சாய்ந்து நின்றன, அவ்வளவுதான். துறையில் ஒரு கட்டணப் பலகை இருந்தது. ஆளுக்கு இவ்வளவு, சைக்கிளுக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு. அதற்கு மேலே ஒரு சதமும் கேட்கக்கூடாது. விலை என்றால் பலகையில் எழுதியிருப்பது என்றுதான் எனக்குத் தெரியும்.

மனைவி அப்போது வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவளுக்கு டெலிபோன் வசதி இல்லை. மாதம் ஒரு கடிதம் தவறாமல் வரும். நான் அனுப்பும் பதில் மூன்று வரியைத் தாண்டாது. சுகம், மழை, உன் சுகம். நேரில் என்றாலும் எனக்கு அதற்குமேல் பேச வராது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். பிள்ளைகளின் சித்திரக் கொப்பி ஒன்றில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, அவள் கடிதத்தில் வந்த தபால் முத்திரைகளை ஒட்டி, கீழே மாதத்தை எழுதி வைத்தேன். அவள் திரும்பி வந்ததும் அதைக் கையில் கொடுத்துவிட்டால், நான் சொல்ல வேண்டியதை அது சொல்லும் என்று நினைத்தேன்.

பதினாறாவது கடிதம் வந்த நாளில் பாதையில் ஒரு கன்றுக்குட்டி மிரண்டு வாவிக்குள் குதித்தது. அதைப் பிடிக்க நானும் குதித்தேன். கடிதம் சட்டைப் பையில் இருந்ததை மறந்துபோனேன். கரைக்கு வந்தபோது கன்றின் சொந்தக்காரர், கன்று பாதித் தூரம் நீந்தித்தானே வந்தது, பாதிக் காசு எடுங்கள் என்று வாதாடினார். அவரை அனுப்பிவிட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கடிதம் இருந்தது. முத்திரை கழன்று போய்விட்டது.

கடிதத்தை வெயிலில் காயவைத்துப் படித்தேன். அதில் இப்படி எழுதியிருந்தாள்: “இஞ்சாருங்க, இந்த முறை முத்திரையப் பாருங்க. உங்கட பாதைக்கு அண்ணன் மாதிரி ஒரு வள்ளம். தபால் கந்தோர்ல குதிரைப் படம்தான் தந்தாங்க. நான் வேணாமெண்டு கையக் காட்டி இதைக் கேட்டு வாங்கினன்.”

கொப்பியில் பதினாறாம் கட்டம் வெறுமையாக இருந்தது. வந்த உடனே வள்ளம் எங்கே என்றுதான் கேட்பாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

பாதையில் அடிக்கடி வருகிற காத்தான்குடிக் காக்கா ஒருவர் இருந்தார். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவை ராத்தா என்பார்கள். முன்பு சைக்கிளில் துணி விற்றவர், பிறகு கணினி வைத்து ஒரு கடை போட்டிருந்தார். என் வயதுக்காரர், என்னை மச்சான் என்று கூப்பிடுவார். உலகத்தில் உள்ள எல்லாச் சாமானும் இதற்குள் விற்கிறது என்று பீற்றிக்கொள்வார். அவரிடம் போய் வள்ளம் போட்ட முத்திரை என்றேன். நெடுநேரம் தட்டித் தட்டி, கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். பாய் விரித்த வள்ளம்.

“அறுபது டொலர் கேக்கான் மச்சான்.”

நம் காசுக்கு நாலைந்து மூடை நெல்லின் விலை. நான் திரையில் மூக்கு முட்டும்படி குனிந்து பார்த்தேன். முத்திரையின் மூலையில் சின்னதாக ஒரு எண் அடித்திருந்தது. அந்த ஊர்க் காசில் அது ஒரு தேநீருக்குக்கூடக் காணாது என்று காக்கா சொன்னார்.

விலை அதிலேயே அடித்திருக்கிறது என்றேன். பிஸ்கட் பெட்டியில் அடித்த விலைக்குமேல் விற்றால் கடைக்காரனை வழக்குக்கு இழுக்கிறார்களே, இவனை யார் இழுப்பது என்று கேட்டேன். காக்கா கதிரையோடு சேர்ந்து குலுங்கிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு நாள் அதே யோசனை. ஐந்தாம் நாள் விலைக் கட்டுப்பாட்டு ஐயா பாதையில் ஏறினார். அக்கரைக் கடைகளைப் பார்க்கப் போகிறவர். அதுவரைக்கும் அவரிடம் நான் “காலை வைச்சு ஏறுங்க” என்பதைத் தவிர எதுவும் பேசியதில்லை. அன்றைக்கு நடு வாவியில் கயிற்றை விட்டுவிட்டு முழுவதையும் சொன்னேன். கன்றில் தொடங்கி அறுபது டொலர் வரைக்கும். பாதையில் இருந்த எல்லோரும் கிட்ட வந்து கேட்டார்கள். நான் இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் பார்த்ததில்லை.

ஐயா நல்ல மனுசர். சிரிக்காமல் யோசித்தார். பிறகு சொன்னார்: “முத்திரையில அடிச்சிருக்கிறது படத்திட விலை இல்ல. அது கடிதத்துக்குரிய பயணக் கூலி. உங்கட பலகையில இருக்கிற மாதிரி. கடிதம் கரைக்குப் போனதும் அந்தக் கூலி முடிஞ்சிது. மிச்சம் இருக்கிறது வெறும் படம். படத்துக்குப் பலகை இல்ல. மற்றது, அவர் கேக்கிறார், ஆரும் குடுத்தாங்களா? சும்மா கேட்டதுக்கு நான் ஆரைப் பிடிக்கிற?”

அப்படியென்றால் கேட்கிறவன் எவ்வளவும் கேட்கலாமா, அவனைத் தட்டிக்கேட்க ஆளே இல்லையா என்றேன்.

மீன் பெட்டியின்மேல் இருந்த மீன்கார அக்கா வாயைத் திறந்தாள். “இருக்கு மனே. எனக்கு இருக்கு. காலையில நான் கேக்கிற விலையப் பின்னேரம் கேக்க ஏலுமா? எனக்கு மேல அதிகாரி இந்த மீன்தான். வெயில் ஏறினா அதுவே விலையக் குறைச்சுப் போடும். அவன்ட முத்திரை நாறாது. அதான் பிடிச்சுக்கொண்டு இருக்கான்.”

பாதை முழுவதும் சிரித்தது. ஐயாவும் சிரித்தார். இதைத் தன் மேலதிகாரிக்குச் சொல்லவேண்டும் என்றார். ஆனால் அக்கா என்னை விடவில்லை.

“அதுகிடக்க, முத்திரை துலைஞ்சதைப் பொஞ்சாதிக்கிட்டச் சொன்னியா?”

நான் விட்ட கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினேன்.

“ஐயாட்ட இவ்வளவு கதைக்கத் தெரியும். அதை அப்பிடியே எழுதினா என்ன மனே? அறுபது டொலர் குடுத்து எழுதாமத் தப்பப் பாக்காய்.”

அது உண்மை. எனக்கு முத்திரை வேண்டியிருந்தது என்பதைவிட, தொலைந்துபோனது என்று எழுதாமல் இருக்க ஒரு வழிதான் வேண்டியிருந்தது. அந்தக் கிழமை ஞாயிற்றுக்கிழமை முழுநாளும் இருந்து நாலு பக்கம் எழுதினேன். கன்று, கொப்பி, காக்காவின் கடை, ஐயா, மீன் எல்லாவற்றையும் எழுதினேன். கொப்பியைப் பற்றி எழுதும்போது வேறு சிலதும் வந்து விழுந்துவிட்டது. அதை இங்கே எழுதமாட்டேன்.

பதில் தடித்த உறையில் வந்தது. உறையின்மேல் நாலு வள்ளங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. உள்ளே நீளமாக ஒன்றும் இல்லை. தபால் கந்தோரில் இன்னும் கட்டுக் கட்டாகக் கிடக்கிறது என்றும், அடித்த விலைக்குத்தான் தருகிறார்கள் என்றும் எழுதியிருந்தாள். நாங்கள் உலகம் முழுவதும் தேடினோம், தபால் கந்தோரை மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை.

ஒரு வள்ளத்தைப் பதினாறாம் கட்டத்தில் ஒட்டினேன். இன்னொன்றை இந்தப் புதுக் கடிதத்துக்குரிய கட்டத்தில். மூன்றாவதை ஐயா கேட்டு வாங்கித் தன் குறிப்புப் புத்தகத்தில் வைத்துக்கொண்டார். நாலாவதுக்குக் காக்கா கை நீட்டினார். தானும் அறுபது டொலருக்குப் போட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். போட்டார். ஒருவரும் வாங்கவில்லை. பாதையில் அவரைக் கண்டால் மீன்கார அக்கா, வித்துதா காக்கா என்பாள். இன்னும் நாறல்ல ராத்தா என்பார் அவர்.

அடுத்த வருசம் மனைவி வந்தாள். கொப்பியைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டி, இரண்டு வள்ளத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு பெட்டியைத் திறந்து என் நாலு பக்கக் கடிதத்தை எடுத்தாள். மடிப்பெல்லாம் கிழியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. பிழைகளின் கீழே பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் கூட்டி எழுதியிருந்தாள். நாற்பத்தொரு பிழை. வேலை முடிந்து படுக்கப்போகும்போது ஒருமுறை எண்ணிப்பார்ப்பாளாம், ஒன்றும் குறையவில்லையாம்.

இதில் எத்தனை என்று இனித்தான் எண்ண வேண்டும். பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு பக்கத்தில்தான் இருக்கிறாள்.

2013 பங்குனி 10, ஞாயிற்றுக்கிழமை.