சலூன்காரரின் கோரை யுத்தம்

"என் கைக்குத் தப்பி என் மண்ணுல ஒரு முளை உயிரோட நிக்காது. அப்படி ஒண்ணு இனிமேதான் பொறக்கணும்!"

எங்கள் தெரு சலூன்காரர் இப்படி முழங்கியபோது அவர் கத்தி ஒரு வாடிக்கையாளரின் கழுத்தில் இருந்தது. கழுத்தின் சொந்தக்காரர் உடனே ஆமோதித்தார்.

வீட்டுக்குப் பின்னால் அவருக்கு ஒரு துண்டு நிலம். அவர் வைத்தது கத்தரிச் செடி. தானாக வந்து குடியேறியது கோரைப்புல். தொழில் பழக்கம் சும்மா விடுமா? கத்தரிக்கோலும் கையுமாகக் குந்தி, கோரைக்கு ஒட்ட கிராப் வெட்டினார். காதோரம்கூட ஒதுக்கியதாகக் கேள்வி. கோரையும் நல்ல வாடிக்கையாளர்தான். அடுத்த வாரமே வளர்ந்து வந்து நின்றது, சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டு.

அவர் மனைவிக்குப் பல் டாக்டரிடம் வேலை. "முடி மாதிரி வெட்டினா முடி மாதிரிதாங்க வளரும். வேரோட எடுக்கத் தெரியலைன்னா விடுங்க. கொத்தனார்கிட்ட சொல்லியாச்சு, மொத்தமா சிமெண்ட் போட்டுடலாம்."

"என் கத்தரி?"

"மார்க்கெட்ல கிடைக்கும்."

கொத்தனார் வந்தார். மணலைக் கொட்டினார், சல்லடையைச் சாய்த்து வைத்தார், "நாளைக்கு வந்துடறேன்க்கா" என்றார். கொத்தனார்களுக்கே உரிய முறையில் காணாமல் போனார்.

எதிரி ஆயுதத்தை விட்டுவிட்டு ஓடினால் மாவீரன் என்ன செய்வான்? கத்தரிச் செடிகளை வாளிகளுக்குக் குடிமாற்றிவிட்டு, சலூன்காரர் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினார். அள்ளி அள்ளிச் சல்லடையில் எறிந்தார். மண் கீழே உதிர்ந்தது. கோரைக் கிழங்குகள் கறுப்பு மணிமாலையாகக் கோத்துக்கொண்டு கம்பியில் மாட்டின.

"ஓஹோ, ஐயா கீழே உக்காந்துதான் வேலை பார்க்கிறீங்களா!" என்று ஒரு கிழங்கைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார்.

சலூன் பூட்டிக் கிடந்தது. தெரு ஆண்கள் தாடியோடு அலைந்தார்கள்.

கொத்தனார் மறுபடி தலைகாட்டுவதற்குள் மழை பெய்து, ஓய்ந்து, கத்தரி மண்ணுக்குத் திரும்பி, பூவும் விட்டிருந்தது. மனைவி குச்சியால் மண்ணைக் கிளறினார். ஈறைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார். ஒரு கோரைகூட இல்லை.

"சிமெண்ட் வேண்டாம் தம்பி. மணலை அள்ளிக்குங்க."

"சல்லடை, அண்ணே?"

"அது போர்ல பிடிச்சது" என்று சலூன்காரர் மீசையைத் தடவினார்.

மறுநாள் காலை, களை பார்த்துக்கொண்டே வந்த அவர் கை பாத்தி ஓரத்தில் நின்றது. விரல் உயரத்தில் ஒரு தக்காளிக் கன்று. யாரும் வைக்காதது. சுற்றுமுற்றும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்த பல்லுப்போன சீப்பை அதன் பக்கத்தில் ஊன்றினார், தண்டை நூலால் தளர்வாகக் கட்டினார், ஒரு கை தண்ணீர் விட்டுவிட்டுக் கடை திறக்கப் போனார்.