சலவைக்கூடத்தில் ஒரு மாணவி

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் என் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு இருபத்தெட்டு வயது. எனக்குப் பதினேழு. எட்டாம் வகுப்பு தேறியவர்கள் இரண்டு வருடம் பயிற்சி பெற்றால் ஆரம்பப் பள்ளி ஆசிரியை ஆகலாம் என்றிருந்த ஐம்பதுகள் அவை. நாங்கள் எல்லாம் கன்னிவாடிப் பக்கமிருந்து மலையேறி வந்து கொடைக்கானலில் விடுதியில் தங்கிய பெண்கள். அவர் ஒருவர்தான் அங்கேயே வீடுள்ளவர், கல்யாணமானவர், இரண்டு பிள்ளைகளின் தாய். அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஆரம்பத்தில் அவர்மேல் எனக்கு எரிச்சல். முதல் பீரியடுக்கு மூச்சிரைக்க ஓடிவருவார். பதினோரு மணிக்குக் குழந்தை உளவியல் பாடம் நடக்கும்போது கண் சொருகிவிடும். முழங்கையால் இடித்து எழுப்புவேன். அரையாண்டுத் தேர்வில் மூன்று பாடங்களில் தவறினார். நான் வகுப்பில் முதல். படிக்க மனமில்லாதவர் ஏன் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார் என்று தோழிகளிடம் சொல்லவும் செய்தேன்.

தேர்வு முடிவு வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு, தலைமையாசிரியையான கன்னியாஸ்திரி அவரைக் கூட்டிவரச் சொல்லி என்னை அனுப்பினார். வீட்டுக்கு இல்லை. மேட்டில் இருந்த வேறொரு பள்ளி விடுதியின் சலவைக்கூடத்துக்கு.

உள்ளே ஆவி மண்டிக் கிடந்தது. ஐந்து பெண்கள் படுக்கை விரிப்புகளை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி அக்கா. பிழிந்தபடியே சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"சின்னப் புள்ள பொய் சொல்றது திருட்டுத்தனம் இல்லையாம். நெனச்சது எது, நடந்தது எதுன்னு அதுக்குப் பிரிக்கத் தெரியாதாம்."

"ஆமா புள்ள, எம் மகன் புலியப் பாத்தேன்னான். நான் முதுகுல வச்சேன் ஒண்ணு" என்றாள் எதிர்முனையைப் பிடித்திருந்தவள்.

"அடிச்சா பொய் நிக்காதாம். பயம்தேன் கூடுமாம்."

"அதுவும் நெசந்தேன். சரி, பொய்க்கு நாலு காரணம்னு ஆரம்பிச்சியே, மூணுதான் வந்துச்சு. இன்னொண்ணு என்ன?"

அந்தப் பெண்ணுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அக்கா முந்தைய நாள் படித்ததை மறுநாள் இவர்களிடம் கதையாகச் சொல்லிப் பார்ப்பார், விட்டுப்போனதை இவர்கள் பிடித்துக் கேட்பார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. வாசலிலேயே நின்றுவிட்டேன்.

இறங்கி வரும் வழியில் அக்கா மற்றதைச் சொன்னார். உருளைக்கிழங்குத் தோட்டத்தில் மண் சரிந்து கணவருக்கு இடுப்பு முறிந்திருந்தது. உட்கார்ந்தபடியே சமைப்பார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார், அவ்வளவுதான் முடியும். அக்கா வெள்ளனே ஐந்து மணிக்குச் சலவைக்கு வந்து, ஒன்பதரைக்கு வகுப்புக்கு ஓடிவருகிறார்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. "வேலை, படிப்பு, இரண்டில் ஒன்றை விட்டுவிடம்மா. உடம்பு தாங்காது" என்றார்.

"சோலிய விட்டா புள்ளைகளுக்குக் கஞ்சி இல்லைங்க மதர். படிப்ப விட்டா சாகுற வரைக்கும் இந்தச் சோலிதாங்க. எத விடட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார் அக்கா. குரல் உயரவில்லை.

மதர் பதில் சொல்லுமுன்னே கதவுப் பக்கம் சத்தம். சலவைக்கூடத்துப் பெண்கள் நால்வரும் ஈரச் சேலையோடு எங்கள் பின்னாலேயே வந்து நின்றார்கள். புலிக் கதை சொன்னவள்தான் பேசினாள். "பரிச்ச முடியிற மட்டும் அவ பங்கு துணிய நாங்க தொவைக்கிறோம் மதர். நீங்க எங்க மேஸ்திரிகிட்ட ஒரு வார்த்த சொல்லி, அவ சம்பளத்த மட்டும் நிப்பாட்டாமப் பாத்துக்கங்க."

மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று மாலையே மேட்டுக்குப் போய்ப் பேசினார்.

அக்கா முழு உதவியை ஏற்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் மட்டும் போதும் என்றார். அதில் ஒரு நாளை எனக்குத் தரும்படி கேட்டேன். தோழிகளிடம் நான் பேசிய பேச்சுக்கு ஈடாக ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. மார்கழிக் குளிரில் விரிப்புகளை அலசியதும் விரல்கள் மரத்துப்போயின. அன்று முதல் பீரியடில் என்ன நடத்தினார்கள் என்று எனக்குத் தெரியாது. பதினோரு மணிக்கு என்னை இடித்து எழுப்பியது அக்கா. நான்கு வாரம் போனேன். அந்த மாதத் தேர்வில் முதலிடத்திலிருந்து ஆறாமிடத்துக்கு இறங்கினேன். வாரத்தில் ஒரே நாள் வேலைக்கு அந்த இறக்கம். அவர் ஆறு நாளும் போய்க்கொண்டிருந்தவர்.

அடுத்த வருட இறுதித் தேர்வில் அக்கா கணக்கைத் தவிர எல்லாவற்றிலும் தேறினார். உளவியலில் மட்டும் என்னைவிட அதிக மதிப்பெண். மற்றவை எல்லாம் தேர்ச்சி எல்லையைத் தொட்டவைதான். ஓய்வோடு படித்திருந்தால் எங்கே நின்றிருப்பார் என்று இப்போதும் நினைப்பேன். அவர் அப்படி நினைத்து நொந்துகொண்டதே இல்லை. சலவைக்குப் போய்க்கொண்டே மீண்டும் கணக்கு எழுதித் தேறினார்.

போளூர்ப் பள்ளியில் வேலை கிடைத்தது. அதே கொடைக்கானல் மலையில் இன்னும் உள்ளே, பாதி வழிதான் லாரி, மீதி நடை. வழியனுப்ப நானும் ஊரிலிருந்து மலையேறி வந்திருந்தேன். புறப்பட்ட அன்று கணவரை லாரியில் முன்சீட்டில் ஏற்றி உட்காரவைத்தார்கள். "இறங்குனதும் இவுகளத் தூக்கிட்டுப் போக அந்த ஊர்க்காரங்க கட்டிலோட வந்து நிப்பாங்களாம். முன்னாடியே சொல்லி விட்டிருக்கேன்" என்றார் அக்கா. பிள்ளைகள் மூட்டைகளின்மேல் ஏறிக்கொண்டார்கள். டிரைவர் ஹாரன் அடிக்க, "வெரசா ஒரு தடவ வந்துட்டுப் போ" என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு அவரும் ஏறினார்.