சிதம்பரத்தில் எட்டு ரூபாய் குறைவு

என் மனைவிக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த அன்று டாக்டர் மருந்துச் சீட்டோடு இன்னொரு தாளையும் கொடுத்தார். என்ன சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது என்று அச்சடித்த தாள். தொடக் கூடாத பக்கத்தில் முதலில் இருந்தது அரிசி. சாப்பிடலாம் என்ற பக்கத்தில் வரகு, தினை, கேழ்வரகு, பச்சைப்பயறு, கொள்ளு, கீரை, வேர்க்கடலை. ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று படித்துவிட்டு அவள் சொன்னாள்: "ரேஷன்ல சும்மா குடுக்குறது எதையும் நான் தின்னக் கூடாதாம். காசு குடுத்து வாங்குறது எல்லாம் தின்னலாமாம்."

நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் இல்லை. அவள் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சராக இருந்தாள். எனக்குக் கூரியர் ஆபீஸில் வேலை. காலையில் பார்சல் பையை ஏற்றிக்கொண்டு கம்பெனி பைக்கில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் போய், வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, அங்கே சேர்ந்ததை எடுத்துக்கொண்டு சாயங்காலம் திரும்புவேன். இரண்டு சம்பளத்தில் மாதம் ஓடியது. ஆனால் இழுத்துப் பிடித்துத்தான் ஓடியது.

முதல் மாதம் பெரிய கடையில் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கினோம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயி சிரித்துக்கொண்டிருப்பார். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துத்தான் விலை போட்டிருந்தார்கள். இருபதாம் தேதிக்குள் கையில் ஒன்றுமில்லை. மறுபடியும் சோறு வடித்தாள். 

ஒரு நாள் சிதம்பரத்தில் டீ குடிக்க நின்ற இடத்தில், பக்கத்துக் கடையில் அதே வரகு பாக்கெட் எட்டு ரூபாய் குறைவாக இருந்தது. வாங்கிக்கொண்டு போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

"எட்டு ரூபாக்கா இவ்ளோ சிரிப்பு? பெட்ரோல் எவ்ளோ போட்டீங்க?"

"பெட்ரோல் கம்பெனி காசு. தெனமும் போறவன்தான நானு."

அதிலிருந்து ஆரம்பித்தது. இரண்டு ஊர் விலையும் தினமும் என் கண்ணில் படுகிறது, இதை ஏன் விட வேண்டும் என்று தோன்றியது. கடை வாசல்களில் சிலேட்டில் எழுதி வைத்திருக்கும் விலையைப் போனில் படம் எடுக்க ஆரம்பித்தேன். இரவு சாப்பிட்ட பிறகு அவளும் நானும் உட்கார்ந்து, போன வாரத்துப் படத்தையும் இந்த வாரத்துப் படத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். தக்காளி எப்போது ஏறும், முகூர்த்த நாள் முடிந்த மறுநாள் காய் எவ்வளவு இறங்கும், பான்பரி மார்க்கெட்டில் கீரைக்காரம்மா எத்தனை மணிக்குக் கூடையைக் காலி செய்யப் பார்ப்பார் என்பதெல்லாம் ஆறு மாதத்தில் எனக்குத் தெரிந்துபோனது. பல வருஷமாக வேலைக்குப் போய் வந்ததில் இப்படி ஒரு விஷயத்தில் நான் கெட்டிக்காரனாக இருந்ததில்லை.

சிதம்பரம் தெற்கு வீதிப் பக்கம் ஒரு தானிய மண்டி இருந்தது. அங்கே படம் எடுக்கும்போது முதலாளி எழுந்து வந்தார். என் வயதுதான் இருக்கும்.

"இன்னா சார், கவர்ன்மெண்ட்டுல இருந்து வர்றீங்களா?"

"இல்லீங்க. கூரியர்."

"கூரியர்காரருக்கு எதுக்கு வெல?"

"வூட்ல சக்கரங்க. வெல பாத்துதான் வாங்கணும்."

அவர் சிரித்துவிட்டார். "அப்ப தாராளமா எடுங்க. எனக்கும் சக்கரதான்."

பிறகு எப்போது போனாலும் பேசுவார். 'சார்' போய் 'மச்சான்' ஆனது. அவர்தான் மொத்தமாக வாங்கும் வழியைச் சொன்னார். "இப்பிடி கிலோ கிலோவா வாங்கி எப்ப மச்சான் கரையேறுவ? பயறு வேணும்னா பங்குனில வா. நெல்லு அறுத்த கொல்லையில போட்ட பயறு, குமராட்சி பக்கத்துல இருந்து வந்து கொட்டும். வரகு திட்டக்குடி பக்கத்துல இருந்து வரும். வர்ற நேரத்துல மூட்டையா எடுத்தா வெலயே வேற."

மூட்டையாக எடுக்கக் காசும் இல்லை, வைக்க இடமும் இல்லை. அவள்தான் யோசனை சொன்னாள். எங்கள் மாதா கோயில் பங்கில் தெருவுக்குத் தெரு அன்பியம் என்று பக்கத்து வீடுகள் சேர்ந்த ஒரு ஜெபக் குழு உண்டு. வாரத்துக்கு ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வோம். எங்கள் அன்பியத்தில் சர்க்கரை இல்லாத வீடே கிடையாது. ஒரு வாரம் ஜெபம் முடிந்து டீ குடிக்கும்போது அவள் பேச்சை எடுத்தாள். எதிர் வீட்டு அக்கா முதலில் சேர்ந்தார். அவர் வீட்டுக்காரர் கட்டட வேலை, அவருக்கும் சர்க்கரை. மற்ற வீடுகளும் சேர்ந்தன.

அந்தப் பங்குனியில் முதல் பயறு மூட்டையைப் பாதி பாதியாகப் பைக்கில் கட்டி இரண்டு நடையில் கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கூடத்தில் பழைய புடவையை விரித்துக் கொட்டினோம். பச்சைப் பசேல் என்று கிடந்தது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து கல் பொறுக்கினார்கள். என் மனைவி தராசைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பேசுகிற குரலில், "வரிசயா வாங்க, தள்ளாதீங்க," என்றாள். அக்கா முறத்தைத் தட்டிக்கொண்டே, "டீச்சர், ஒங்க வூட்டுக்காரர ரேஷன் கடையில ஒக்கார வெச்சா நாடு நல்லாருக்கும்," என்றார். வீடு நிறையச் சிரிப்பு. அன்றைக்கு மாதிரி எங்கள் வீட்டில் கூட்டம் அதற்குப் பிறகு கூடியதில்லை.

அடுத்த பரிசோதனையில் அவளுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது. "என்ன பண்றீங்களோ, அதையே பண்ணுங்க," என்றார் டாக்டர். திரும்பி வரும் வழியில் அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். இதைச் செய்தே இவளைக் காப்பாற்றிவிடலாம் என்று அப்போது நான் முழுசாக நம்பினேன்.

கூட்டு அதிக நாள் நிற்கவில்லை. சண்டை எதுவும் இல்லை. ஒரு வீடு பிள்ளையோடு சென்னைக்குப் போய்விட்டது. ஒரு வீட்டில் வரகு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மழைக்காலம் வந்ததும் அக்காவின் வீட்டுக்காரருக்கு வேலை நின்றது. மூட்டைக்கு முன்பணம் சேர்க்க அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"இல்லீங்க தம்பி. மொத்தமா வாங்குனா மிச்சம்தான், எனக்கும் தெரியுது. மொத்தமா எங்க கெடக்குது? அன்னன்னைக்கு வர்றத வெச்சு அன்னன்னைக்குத்தான் வாங்க முடியும்."

"நான் போட்டு வாங்கிடறேங்க்கா. அப்புறமா குடுங்க."

"வேணாம். அப்புறம் ஒங்க மூஞ்சிய பாக்க முடியாம போயிடும்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. சிக்கனம் செய்வதற்கே முதலில் கொஞ்சம் கையில் இருக்க வேண்டும் என்பது எனக்கு அந்த வாசலில்தான் உறைத்தது. அவர் வீட்டில் மறுபடி ரேஷன் அரிசி உலை கொதித்தது. ஜெபத்துக்கு வந்தால் எங்களோடு பேசுவார். பயறு பற்றி மட்டும் பேச மாட்டார்.

அடுத்த பங்குனியில் நாங்கள் தனியாகவே ஒரு மூட்டைப் பயறும் பாதி மூட்டை வரகும் எடுத்தோம். என் ஆபீஸில் கொடுத்த போனஸை அவள் அப்படியே எடுத்து நீட்டினாள். புடவை எடுத்துக்கொள் என்றேன். "வருஷம் முழுக்கத் திங்கறதுக்கு ஆவும், எடுத்துட்டு வாங்க," என்றாள். பயற்றை வெயிலில் காய வைத்து, வேப்பிலை போட்டு, பிளாஸ்டிக் டிரம்களில் நிரப்பிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். படுத்தால் வேப்பிலை வாசம் வரும்.

சில மாதங்களில் அவள் கால் வீங்கியது. நின்றே பாடம் எடுப்பதால் என்று நினைத்தோம். பிறகு காலையில் முகமும் வீங்கியது. கடலூரில் பார்த்த டாக்டர் ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். நான் தினமும் தாண்டிப் போகிற கட்டடம்தான்.

அங்கே இருந்தவர் இளம் டாக்டர். ரிப்போர்ட்டை இரண்டு முறை பார்த்தார். இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிருக்கிறது, மருந்தில் கொஞ்ச நாள் தள்ளலாம், அப்புறம் டயாலிசிஸ் வரும் என்றார்.  சாப்பாடு பற்றி அவரே சொன்னார். பருப்பு, பயறு குறைக்க வேண்டும். கேழ்வரகு, சிறுதானியம் வேண்டாம். கீரை வேண்டாம். கடலை வேண்டாம். காயை நறுக்கி வேக வைத்துத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். அளவாக வெள்ளைச் சோறு சாப்பிடலாம்.

"சார், பச்சப்பயறு?" என்றேன்.

"சொன்னேனே. வேணாம்."

"வருஷக்கணக்கா அதத்தான் சார் குடுத்தேன். அதனாலதான் இப்பிடி ஆயிடுச்சா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதனால இல்ல. நீங்க குடுத்தது சரியான சாப்பாடுதான். சுகர் கண்டுபிடிக்கறதுக்கு ரொம்ப நாள் முன்னாடியே அவங்களுக்கு இருந்திருக்கு. கிட்னி அப்பவே பாதிக்க ஆரம்பிச்சிருக்கும்."

என்னைத் தேற்றத்தான் சொன்னார். ஆனால் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது அது வேறு மாதிரி இறங்கியது. நான் கெடுதல் செய்யவில்லை. நல்லதும் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. நான் சிலேட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டு திரிந்த நாளெல்லாம் அது தன் பாட்டுக்கு உள்ளே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவள் புதுச்சத்திரம் தாண்டியதும் கேட்டாள்: "அந்த டிரம்மெல்லாம் என்னாங்க பண்றது?"

"பாத்துக்கலாம்."

"மண்டில திருப்பி எடுப்பாரா?"

கேட்டுப் பார்த்தேன். அதற்குள் மழை தொடங்கி, ஒரு டிரம்மில் வண்டு விழுந்திருந்தது. மண்டிக்காரர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். "வேற யாராச்சும்னா வேணாம்னுடுவேன் மச்சான்," என்று பாதி விலைக்கும் கீழே ஒரு விலை சொன்னார். எதற்காகக் கொடுக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அவர் பயற்றைச் சாக்கில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவருக்கும் சர்க்கரை என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.  வண்டு விழாத ஒரு டிரம்மை எதிர் வீட்டு அக்காவிடம் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டு அழுதார். அவள்தான் அவரைச் சமாதானம் செய்தாள்.

அவளுக்கு இப்போது வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டாள். காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் நடக்கிறது. ரத்தம் ஏறுவதற்கான ஊசி சில நேரம் அங்கே இருக்காது, வெளியே வாங்க வேண்டும். அது கடலூரில் ஒரு விலை, சிதம்பரத்தில் ஒரு விலை. மருந்துக் கடையில் ஒரு நாள், நிறைய எடுத்தால் குறையுமா என்று கேட்டேன்.

"குறையும் சார். ஆனா ஐஸ்லயே வெச்சிருக்கணும். டாக்டர் அளவ மாத்திட்டா திருப்பி எடுக்க மாட்டோம்," என்றார் கடைக்காரர்.

ஒன்று மட்டும் வாங்கினேன். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு முட்டையின் வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். அவள் வெள்ளையைச் சாப்பிடுகிறாள், மஞ்சளை நான் சாப்பிடுகிறேன். தண்ணீரும் அளந்துதான். கோடையில் வெறும் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

போன வாரம் வார்டுக்கு வெளியே ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புவனகிரியிலிருந்து அப்பாவைக் கூட்டி வந்திருக்கிறாள். அப்பாவுக்கு டயாலிசிஸ், தனக்கும் இப்போதுதான் சர்க்கரை வந்திருப்பதாகச் சொன்னாள். "இன்னா சாப்புடறதுன்னே தெரியலண்ணா. எல்லாம் வெல ஜாஸ்தியா இருக்குது."

 நான் கொடுத்தது சரியான சாப்பாடுதான் என்று டாக்டர் சொன்னது மட்டும் நினைவில் இருந்தது. பயற்றை எந்த மாதம் வாங்க வேண்டும், எந்த மண்டி, எப்படிக் காய வைப்பது, பாக்கெட்டில் ஏன் வாங்கக் கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வீடு சேர்ந்து எடுத்தால் நல்லது என்றேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது.

"ஒங்க வூட்லயும் இதத்தான் சாப்புடறாங்களாண்ணா?"

உள்ளே நர்ஸ் என் மனைவியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் எழுந்து போய்விட்டேன்.