எம்.எல்.ஏ. வீட்டுக் காதுகுத்து

என் வீட்டுக்காரர் எத்தனை தடவை எம்.எல்.ஏ. ஆனார் என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று சொல்ல வராது. அந்தக் காலத்தில் எத்தனை நாள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிவிடுவேன். தொகுதியில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் விடமாட்டார். சபை கூடினால் மெட்ராஸுக்கு ரயில் ஏறுவார். திரும்பும்போது பை நிறைய மனு இருக்கும், எனக்கு ஒரு முழம் பூ இருக்காது. ஆனால் யாரிடமும் ஒரு காசு கை நீட்டியதில்லை. அதனாலேயே அந்த மனுஷரை என்னால் முழுசாகக் கோபித்துக்கொள்ள முடிந்ததில்லை.

ஒரே ஒரு தடவை முடிந்தது. குத்தகைக்காரரை நிலத்தை விட்டுக் கிளப்பக்கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. சபையில் எழுந்து அதை ஆதரித்துப் பேசியவர்களில் இவரும் ஒருவர். என் அண்ணனோ ஒரு வேலி, ஆறேழு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார். அந்த வருஷம்தான் குத்தகைக்காரரை நிறுத்திவிட்டுச் சொந்தப் பயிர் வைக்கலாம் என்று இருந்தார். இவருடைய முதல் தேர்தலில் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓட்டுக் கேட்டவர் அவர். "வளர்த்த கடா மார்ல பாஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டு, எங்கள் வீட்டுப் படி மிதிப்பதையே நிறுத்தினார்.

எனக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு பிறந்த வீடு என்றாலே அண்ணன்தான். அந்தச் சமயம் பார்த்து மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இவர் மேடையில் சடங்கு சம்பிரதாயங்களைக் கிழிகிழி என்று கிழிப்பவர். வீட்டில், "உம் பொண்ணு காது, உன் இஷ்டம்" என்று நழுவிக்கொள்வார்.

நான் விடவில்லை. "சட்டம் போட்டது நீங்க. நீங்களே போயி எங்க அண்ணனக் கூட்டிட்டு வாங்க. அவரு மடி இல்லாம எம் பொண்ணுக்குக் காதுகுத்து கெடையாது."

போனார். கும்பகோணத்தில் வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் வாங்கிக்கொண்டுதான் போனார். ஆனால் பழக்கதோஷம் யாரை விட்டது? வாசலில் நின்று, பிரசாரத்துக்குப் போன மாதிரியே கையைத் தலைக்கு மேல் கூப்பிச் சிரித்திருக்கிறார். "ஓட்டெல்லாம் போட்டாச்சு, போயிட்டு வாங்க" என்று அண்ணன் கதவைச் சாத்திவிட்டார்.

"மச்சான்கிட்ட அப்படியாங்க கேக்கறது?" என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"எனக்கு வேற எப்படிக் கேக்கறதுன்னு தெரியலையே" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அந்தச் சட்டம் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?"

"அதுல தப்பில்லையே."

அதற்கு மேல் அவரிடம் பேச என்ன இருக்கிறது? சரியான பிடிவாதக்காரர்.

காதுகுத்து அன்று ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். நல்ல நேரம் முடியப்போகிறது, என் பெரியப்பா மகன் மடியில் வைத்துவிடலாம் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நான் குழந்தையை யாரிடமும் கொடுக்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வண்டி வந்து நின்றது. தோடு, பட்டுப்பாவாடை, பழம் என்று தட்டு தட்டாகச் சீரோடு அண்ணன் இறங்கினார். இவர் "வாங்க மச்சான்" என்றார். அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் பாயில் உட்கார்ந்து, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஊசி இறங்கியதும் குழந்தை வீரிட்டது. அண்ணன் கண்ணிலும் தண்ணீர்.

அப்புறம்தான் இவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நிலத்துக்கு என்ன சட்டம் வேணா போடுங்க மாப்ள, கோர்ட்டுல பாத்துக்கறேன். எம் மடிக்குச் சட்டம் போட உங்களால முடியாது."

எவ்வளவு பெரிய ஆள் முன்னாலும் தோளில் கிடக்கும் துண்டை எடுக்காதவர் இவர். அன்றைக்கு அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மச்சான் முன்னால் நின்றார்.