பேஸ்டில் பதிந்த கட்டைவிரல்

திருத்துறைப்பூண்டியில் பகலவன் கம்ப்யூட்டர்ஸ் எங்கே என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் வழி சொல்வார்கள். ஆனால் இரண்டு வருடமாக யாரும் அப்படிக் கேட்பதில்லை. "அறிவு அக்கா கடை எங்க?" என்றுதான் கேட்கிறார்கள்.

போர்டில் இருப்பது பகலவன் பெயர். தஞ்சாவூரில் ஒரு கடையில் நான்கு வருடம் வேலை பழகி, பதினாறு வருடத்துக்கு முன் இந்தக் கடையைப் போட்டவன் அவன். அவன் வம்சத்தில் சேற்றில் இறங்காமல் சோறு தின்ற முதல் ஆள். சின்ன வயதில் அறுப்புக்குப் போனதற்கு அடையாளமாக, கருக்கரிவாள் பட்ட தழும்பு ஒன்று வலது கட்டைவிரலில் குறுக்கே கிடக்கிறது. மற்றபடி அவன் கையில் இருப்பதெல்லாம் ஸ்க்ரூ டிரைவரும் பிரஷ்ஷும்தான்.

அறிவுமதி அவன் மனைவி. கல்யாணமான புதிதில் சாப்பாடு கொண்டுவந்தவள், போன் எடுக்க உட்கார்ந்தாள். அப்புறம் ஒரு நாள் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் கீழே வைக்கவேயில்லை. முதலில் அவனுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. "எங்க வீட்டம்மா பாத்துக்குவாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். பிறகு வருகிறவர்கள் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா இல்லையாண்ணே? பரவால்ல, அப்புறமா வர்றேன்" என்று திரும்பிப் போக ஆரம்பித்தார்கள். அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

வெளியாள் மேல் பொறாமை வந்தால் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் கொட்டித் தீர்க்கலாம். பெண்டாட்டி மேலேயே வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? பகலவன் யாரிடமும் சொல்லவில்லை. அவள் பார்த்த வேலை ஒன்றாவது பழுதாகித் திரும்பி வராதா என்று மட்டும் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை.

வேதாரண்யம் சாலையில் ரசியா பேகம் இ-சேவை மையம் வைத்திருக்கிறாள். பக்கத்திலேயே அரிசி ஆலை. உமித்தூசி உள்ளே வந்து படியாத இடமில்லை. போன வாரம் அவளுடைய கம்ப்யூட்டர் சூடேறித் தானாக அணைந்தது. அறிவுமதி போய் ப்ராசஸர் மேலிருக்கும் கூலரைக் கழற்றி, தூசியை ஊதி, சூட்டைக் கடத்தும் புது பேஸ்ட் வைத்து மறுபடி மாட்டிவிட்டு வந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அங்கே பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது. அறிவுமதி நன்னிலத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் பகலவன் போனான்.

ஐந்து நிமிட வேலை. முடிக்கும்போது ரசியா பேகம் சொன்னாள்: "அண்ணே, அறிவு வந்து மாட்டிட்டுப் போனதிலேர்ந்து பொட்டிலேர்ந்து சத்தமே வரலண்ணே. என்னா கை அது! நான் தொழுதுட்டு வந்துடுறேன், நீங்க ரெண்டு பக்கம் அடிச்சுப் பாருங்க."

அவள் உள்ளறைக்குப் போனாள். பகலவன் பிரிண்டரைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தான். அப்படி என்ன பெரிய கை என்று பார்த்துவிட வேண்டும் போல் வந்தது. கம்ப்யூட்டரை அணைத்தான். பக்கத்துத் தகட்டைக் கழற்றினான்.

வயர்களெல்லாம் ஓரமாகக் கட்டப்பட்டிருந்தன. கூலரின் நான்கு கால்களும் பலகையில் கச்சிதமாக இறங்கியிருந்தன. வெளியே குற்றம் இல்லை. சரி, அடியில் இருக்கும். கால்களைத் திருகி, கூலரைத் தூக்கினான். பேஸ்ட் மூலைக்கு மூலை ஒரே சீராகப் படிந்திருந்தது. நடுவில் ஒரு நெல்மணி அளவு வைத்தால் போதும், கூலர் அழுத்தத்தில் அதுவே பரவிக்கொள்ளும் என்பாள் அறிவுமதி. அவனோ கட்டைவிரலால் தடவித்தான் பழகியவன்.

கழற்றியபிறகுதான் உறைத்தது. ஒரு தடவை தூக்கிவிட்டால் பழைய பேஸ்ட் உதவாது. உள்ளறையில் பாயைச் சுருட்டும் சத்தம் கேட்டது. கைக்குட்டையால் துடைத்து, பையிலிருந்த டியூபைப் பிதுக்கி, கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்துக் கூலரை வைத்து அமுக்கினான். மூன்று கால்கள் 'டக்'கென்று இறங்கின. நாலாவது காலின் சத்தத்துக்குக் காத்திருக்க நேரமில்லை. தகட்டை மூடினான்.

"ஆயிடுச்சாண்ணே?"

"ஆயிடுச்சுங்க."

வீட்டில் அதைப் பற்றி அவன் வாயைத் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மையத்துக்கு விடுமுறை. திங்கட்கிழமை சம்பா பயிர்க் காப்பீடு பதிவதற்குக் கடைசி நாள்.

அன்று பதினொரு மணிக்கு அறிவுமதியின் போன் அடித்தது. எதிர்முனையில் ரசியா பேகம் போட்ட சத்தம் பகலவன் உட்கார்ந்திருந்த இடம் வரை கேட்டது. "அறிவு, நீ மாட்டுனது சரியில்ல! பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா தானா அமிஞ்சு போவுது. கூட்டம் வாசல்ல நிக்கிது. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்!"

இரண்டு வருடமாகக் கேட்கக் காத்திருந்த வார்த்தை. ஒரு நொடி அவனுக்குக் குளுகுளுவென்று இருந்தது. அடுத்த நொடி, நாலாவது கால் ஞாபகம் வந்தது.

இருவரும் வண்டியில் போனார்கள். மையத்து வாசலில் முப்பது பேருக்குக் குறையாமல் சிட்டாவும் அடங்கலுமாக நின்றார்கள். முன்னால் நின்ற பஞ்சநதம் மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நட்டிருப்பவர்.

"ஏம்மா, நீதான் ரிப்பேர் பாத்தியா? போன வருசம் தண்ணி நின்னு அம்புட்டும் அழுவிப்போச்சு. இந்த வருசம் பதியாம விட்டுட்டு நான் யார்கிட்ட போயி நிப்பேன்?"

"பொம்பளைய நம்பிக் குடுத்தா இப்பிடித்தான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பகலவன் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

அறிவுமதி தகட்டைக் கழற்றினாள். நாலாவது கால் இறங்காமல் நின்றது. கூலரைத் தூக்கிப் பார்த்தாள். அந்தக் கால் பக்கத்து மூலையில் கூலர் அழுந்தவேயில்லை. அங்கே வெள்ளை பேஸ்டில் ஒரு கட்டைவிரல் அப்படியே பதிந்திருந்தது. வரிவரியாக ரேகை, நடுவில் குறுக்கே ஒரு கோடு.

பதினோரு வருடமாகப் பார்த்த தழும்பு. அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தாள். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என் தப்புதாங்க" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "பத்து நிமிஷம் பொறுத்துக்கங்க."

துணியை எடுத்து அந்த ரேகையை மெதுவாகத் துடைத்தாள். பிறகு பேஸ்ட் டியூபை அவனிடம் நீட்டினாள். "நீங்க போடுங்க."

அது மன்னிப்பு என்று நினைக்கும் அளவுக்குப் பகலவன் முட்டாள் இல்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு நெல்மணி அளவு வைத்தான். விரலால் தொடவில்லை. கூலரை நேராக இறக்கி, எதிரெதிர் மூலையாகக் கால்களை அமுக்கினான். நாலு 'டக்'கும் கேட்டன. கம்ப்யூட்டரைப் போட்டார்கள். பத்து நிமிடம் போயிற்று, இருபதும் போயிற்று. அணையவில்லை.

"என்ன இருந்தாலும் அண்ணன் கை அண்ணன் கைதான்!" என்றாள் ரசியா பேகம்.

"ஆம்பள கை பட்டாத்தான் அடங்குது பாத்தியா" என்றார் பஞ்சநதம்.

அவன் ஆசைப்பட்டதெல்லாம் மொத்தமாகக் கிடைத்தது. அறிவுமதி தலையைக் குனிந்துகொண்டு ஸ்க்ரூக்களை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் புகழைத் தான் எவ்வளவு நேரம் தாங்குவோம் என்று அவள் பார்க்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. பஞ்சநதம் கைரேகை மெஷினில் விரல் வைக்கப் போனார்.

"பெரியவரே, அவ மாட்டுனது சரியாத்தான் இருந்துச்சு" என்றான் பகலவன். "சனிக்கிழம நான்தான் கழட்டுனேன். கெடுத்தது நான்."

ரசியா பேகம் திகைத்தாள். "நல்லா ஓடுனத ஏண்ணே கழட்டுனீங்க?"

வேறு எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். வாயில் வந்தது உண்மைதான். "பொறாமைங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். பஞ்சநதம் மட்டும் சிரிக்கவில்லை. "அதையெல்லாம் வூட்டுல வச்சுக்கங்கய்யா. மொதல்ல என் பேர ஏத்துங்க" என்று கட்டைவிரலை மெஷினில் அழுத்தினார்.

வாசலில் அறிவுமதி கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க." கொடுத்தான். அவள் முன்னால் உட்கார்ந்தாள், அவன் பின்னால். அவள் வண்டியை ஸ்டார்ட் பண்ணவில்லை.

"அம்புட்டு தூரம் கழட்டிப் பாத்தீங்களே. என் வேலையில எதாச்சும் தப்பு இருந்துச்சா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல" என்றான் பகலவன். அதைச் சொல்லும்போதும் அவனுக்கு வயிறு எரிந்தது.